ஞாயிற்றுக்கிழமை வராத தலைவலி

கட்டிலுக்கு அடியில் விட்ட துடைப்பம் எதிலோ முட்டி ‘டங்’ என்றது. குனிந்து இழுத்தேன். எங்கள் மகள் ரூபி கைக்குழந்தையாக இருந்தபோது போர்த்திய பூப்போட்ட போர்வை. அதற்குள் ஏதோ சுற்றியிருந்தது. பிரித்தால், நான்கு எஃகுக் குழாய்கள் வளைந்து நெளிந்து வந்து ஒன்றாகச் சேர்ந்து, முகம் பார்த்துப் பொட்டு வைக்கலாம் போலப் பளபளவென்று கிடந்தன.

“இன்னாங்க இது?” என்று குளியலறைப் பக்கம் குரல் கொடுத்தேன்.

உள்ளே தண்ணீர்ச் சத்தம் நின்றது. என் கணவர் தேவா குழாயை மூடிவிட்டு மூச்சுக் காட்டாமல் நின்றால், ஏதோ வேலை பார்த்து வைத்திருக்கிறார் என்று அர்த்தம். கல்யாணமான புதிதிலேயே இதைக் கண்டுபிடித்துவிட்டேன்.

தலையைத் துவட்டிக்கொண்டு வெளியே வந்தவர் அதன் பெயர் ஹெடர் என்றார். கார் என்ஜினின் நான்கு அறைகளில் பெட்ரோல் எரிகிறதாம். அந்த நான்கு அறைப் புகையும் நான்கு குழாய்களில் வெளியே வந்து, விரல்களெல்லாம் உள்ளங்கையில் சேர்கிற மாதிரி ஒன்றாகி, அடியில் இருக்கும் சைலென்சருக்குப் போகுமாம். கம்பெனியில் போட்டுக் கொடுத்தது வார்ப்பிரும்பு. இது எஃகு. இதைப் போட்டால் வண்டி மூச்சு வாங்காமல் ஓடும், சத்தமும் கம்பீரமாக இருக்கும் என்றார்.

பால் வாங்கவும் பள்ளிக்கூடத்துக்கும் போகிற வண்டிக்குக் கம்பீரம் எதற்கு என்று கேட்டேன். அதற்குப் பதில் சொல்கிற மனிதராக இருந்தால் கட்டிலுக்கு அடியில் ஒளித்து வைப்பாரா?

எனக்கு வந்த கோபத்துக்குக் காரணம் குழாய் இல்லை. குழந்தைக்கு என்னவென்றே தெரியாமல் நான் அல்லாடிக்கொண்டிருக்கிறேன், இவருக்கு வண்டிச் சத்தம் கேட்கிறதே என்றுதான் பற்றிக்கொண்டு வந்தது.

ரூபிக்கு வந்த வலி

ரூபி அப்போது மூன்றாம் வகுப்பு. மழை நின்று பெங்களூரில் குளிர் ஆரம்பித்த நாட்களில் அவளுக்குத் தலைவலி வந்தது. காலையில் வீட்டிலிருந்து அப்பாவோடு காரில் நன்றாகத்தான் கிளம்புவாள். பள்ளிக்கூடம் போய்ச் சேரும்போது தலையைப் பிடித்துக்கொள்வாள். சில நாள் வாசலிலேயே வாந்தி. எலெக்ட்ரானிக் சிட்டியில் நான் கம்பெனி கேபை விட்டு இறங்கி இடத்தில் உட்கார்வதற்குள் பள்ளியிலிருந்து போன் வந்துவிடும். படுக்க வைத்திருக்கிறோம், வந்து பாருங்கள் என்பார்கள். அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடுவேன். மதியத்துக்குள் எழுந்து உட்கார்ந்து பசிக்கிறது என்பாள்.

கண் பார்த்தோம். வயிறு பார்த்தோம். ரத்தம் எடுத்துப் பார்த்தோம். எல்லாம் சரியாக இருந்தது. ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்னால் சந்தோஷப்பட வேண்டும். நான் அடுத்த டாக்டரைத் தேடினேன்.

பள்ளிக்கூடத்தில் கவுன்சிலர் மேடம் ஒருவர் உண்டு. சின்ன வயது, மெதுவாகப் பேசுவார். எந்தெந்த நாளில் வலிக்கிறது என்று கேட்டார். யோசித்துச் சொன்னேன். பள்ளி நாட்களில் மட்டும்தான். சனி, ஞாயிறு கிடையாது. பண்டிகை லீவில் கிடையாது.

காரில் போவது ஒத்துக்கொள்ளவில்லையோ என்று கேட்டார். அதுவும் இல்லை. என் அம்மா வீடு கோலார் தங்க வயலில் இருக்கிறது. மாலூர், பங்காருப்பேட்டை வழியாகக் கண்ணாடியை எல்லாம் இறக்கிவிட்டுக் காற்று வாங்கிக்கொண்டு போவோம். அவ்வளவு தூரத்துக்கும் ரூபி பாட்டுப் பாடிக்கொண்டே வருவாள். ஒரு முறைகூட வாந்தி எடுத்ததில்லை.

மேடம் தலையை ஆட்டினார். ரூபியின் எதிரிலேயே ஒரு தாளில் பென்சிலால் ‘பள்ளிப் பயம்’ என்று ஆங்கிலத்தில் எழுதினார். உடம்பில் எதுவும் இல்லை, மனசுதான் என்றார். வகுப்பு மிஸ்ஸுக்கு அந்தப் பொறுமையெல்லாம் கிடையாது. கணக்குப் பாடம் இருந்தால் இவளுக்கு டிராமா ஆரம்பித்துவிடும் என்று என் முகத்துக்கு நேரே சொன்னார்.

அன்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ரூபி என் கையைப் பிடிக்கவில்லை. “நெஜமா வலிக்குதும்மா” என்றாள். அப்புறம், “என்னை வேன்ல அனுப்பும்மா” என்றாள். அவள் சிநேகிதி வேனில் போகிறாள், அதற்குத்தான் கேட்கிறாள் என்று நினைத்துக்கொண்டோம்.

போனில் அம்மாவிடம் சொன்னேன். அம்மா சிரித்தார். உங்கப்பன் புத்தி அப்படியே பேத்திக்கு வந்திருக்கிறது என்றார். என் அப்பா தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வந்தால் தலையில் ஈரத்துண்டைக் கட்டிக்கொண்டு படுத்துவிடுவார். லீவு நாளில் பார்த்தால் கல்லுக்குண்டு மாதிரி இருப்பார். வேலைக்குப் போனால் மட்டும் உனக்குத் தலை வலிக்குமா என்று அம்மா கேலி செய்வார். நாங்கள் பிள்ளைகளும் சேர்ந்து சிரிப்போம். அப்பா இப்போது இல்லை. இருந்திருந்தால் இந்தக் கதை வேறு மாதிரி போயிருக்குமோ என்று இன்றைக்கும் தோன்றும்.

எலுமிச்சம்பழமும் குல்லாவும்

எங்களுக்குத் தெரிந்த வைத்தியத்தை எல்லாம் செய்தோம். பயணத்தில் குமட்டினால் நம் ஊர்க்காரர்கள் எல்லோரும் செய்வதுதான். முகர்ந்து பார்க்கக் கையில் ஒரு எலுமிச்சம்பழம். காதை மூடிக் குரங்குக் குல்லா. கால்வரைக்கும் கம்பளி. பனிக்காற்று ஆகாது என்று கண்ணாடியை இறுக்கி ஏற்றிவிடுவோம். பனி உள்ளே வரக்கூடாது, பழத்தின் வாசனை வெளியே போகக்கூடாது. இரண்டுக்கும் ஒரே வழிதானே.

நாங்கள் குடியிருப்பது பெங்களூர் ஓரத்தில், சந்தாபுராவில். முதல் மாடி எங்களுடையது, அதற்கு மேல் வீட்டு ஓனர் நஞ்சுண்டப்பா. கீழே மூன்று பக்கமும் சுவர் எழுப்பிய பார்க்கிங். காலையில் தேவா முதலில் போய் வண்டியை ஸ்டார்ட் செய்து ஹீட்டரைப் போட்டுவிடுவார். வண்டி நன்றாகச் சூடாகட்டும் என்று, பாதித் தூக்கத்தில் இருக்கும் ரூபியைத் தூக்கிப் போய்ப் பின் சீட்டில் படுக்க வைத்துவிட்டு மேலே வந்து காபி குடிப்பார். நான் டிபன் பாக்ஸ் கட்டுவேன். இது எங்கள் வீட்டு வழக்கம். குழந்தைக்குச் செய்கிற செல்லம் என்றுதான் நினைத்தோம்.

அந்த நேரத்தில் வண்டி ‘டிக் டிக்’ என்று ஒரு சத்தம் போடும். சூடு ஏறியதும் நின்றுவிடும். பழைய வண்டி, அப்படித்தான் பேசும் என்பார் தேவா. அது நின்றுவிட்டதா என்று கேட்பதற்காகவே தன் பக்கத்துக் கண்ணாடியை மட்டும் இரண்டு விரல் அளவுக்கு இறக்கிவிட்டு ஓட்டுவார்.

ரூபி நாளுக்கு நாள் சோர்ந்து போனாள். பாவம், தூக்கம் போதவில்லை என்று நாங்களே முடிவு செய்தோம். வரும் திங்கட்கிழமையிலிருந்து அவளை இன்னும் சீக்கிரமாகவே காரில் படுக்க வைத்துவிடலாம், நாங்கள் இருவரும் குளித்துக் கிளம்பும்வரை கதகதப்பாகத் தூங்கட்டும் என்று பேசி வைத்தோம். அந்த யோசனை என்னுடையதா அவருடையதா என்பது நினைவில்லை. இரண்டு பேருக்கும் பிடித்திருந்தது.

அதற்கு முந்தைய நாள், ஞாயிற்றுக்கிழமை, தேவா வண்டியைத் தூக்கி நிறுத்தினார்.

டார்ச் பிடிக்க ஒரு ஆள்

நானும் ரூபியும் சர்ச்சில் முதல் பூசைக்குப் போய்விட்டு ஆட்டோவில் வந்து இறங்கியபோது, காரின் முன்பக்கம் ஜாக்கியில் ஏறி, இரும்புத் தாங்கிகள் மேல் நின்றுகொண்டிருந்தது. பூசைக்கு வராமல் கோயிலுக்குப் போகிறவர்களுக்குக் காலைக் காட்டிக்கொண்டு வண்டிக்கு அடியில் கிடந்தார் என் வீட்டு மெக்கானிக். பேட்டரி வயரைக் கழற்றியாகிவிட்டது. துருவை இளக்கும் ஸ்ப்ரேயை முந்தின நாள் சாயங்காலமே எல்லா நட்டுகளுக்கும் அடித்து ஊற வைத்திருந்தாராம். தோசை மாவுக்கு உளுந்து ஊறப்போடச் சொன்னால் மட்டும் மறந்துவிடும்.

ரூபி டிவி பார்க்க ஓனர் வீட்டுக்கு ஓடிவிட்டாள். பூசைப் புடவையை மாற்றிக்கொண்டு கீழே வந்த என் கையில் டார்ச்சைத் திணித்தார் தேவா. திட்டிக்கொண்டேதான் பிடித்தேன்.

எங்கள் வண்டியில் அந்த ஹெடர் என்ஜினுக்குப் பின்னால், நாம் உட்காரும் பக்கத்தைப் பார்த்து இருக்கிறது. நடுவில் ஒரு தகட்டுச் சுவர்தான். கை நுழையவே இடமில்லை. முதலில் மேலே மூடியிருந்த தகரக் கவசத்தைக் கழற்றினார். அடியில் சைலென்சரோடு சேரும் நட்டுகள் முனகிக்கொண்டு வந்தன. ஆக்ஸிஜன் அளக்கும் சென்சாரின் வயரைப் பிடுங்கி ஓரமாகக் கட்டினார். அப்புறம் என்ஜினோடு ஹெடரை இறுக்கியிருந்த நட்டுகள். ஒவ்வொன்றாக வந்தன. கடைசி நட்டு வரமாட்டேன் என்றது.

ஸ்பேனரின் பிடியில் ஒரு நீளக் குழாயைச் சொருகி, காலைச் சுவரில் உதைத்துக்கொண்டு இழுத்தார். கை வழுக்கி விரல் முட்டித் தோல் பெயர்ந்தது. சத்தம் கேட்டு நஞ்சுண்டப்பா படியில் பாதி தூரம் இறங்கி வந்து, “ஏன்ரீ தேவா, இது மனெயா, கேரேஜா?” என்றார். வீடா கேரேஜா என்று கேட்கிறார். நானும் அதைத்தான் சார் கேட்கிறேன் என்றேன். சிரித்துக்கொண்டே ஏறிப் போய்விட்டார்.

ஒரு வழியாக அந்த நட்டும் கிறீச்சென்று திரும்பியது. தேவா இரண்டு கைகளையும் உள்ளே விட்டு, அந்தப் பழைய ஹெடரை அசைத்து அசைத்து வெளியே எடுத்தார். கறுத்துத் துருப்பிடித்து இருந்தது. இதற்கா இந்தப் பாடு என்று நான் வாயைத் திறப்பதற்குள் அவர் முகம் மாறிவிட்டது.

அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம், சுவரைப் பார்த்து இருந்த பக்கத்தில், நடுக் குழாய்கள் இரண்டும் சேரும் இடத்தில் ஒரு விரிசல். என் சுண்டுவிரல் நீளம் இருக்கும், நகம் உள்ளே போனது. விரிசலைச் சுற்றி அடுப்புக் கரி மாதிரி கறுப்பு. ‘டிக் டிக்’ என்று பேசியது இதுதான் என்றார். இரும்பு குளிர்ந்திருக்கும்போது வாய் திறந்து புகையைக் கக்கும், சூடேறி விரிந்ததும் வாயை மூடிக்கொள்ளும். அதனால்தான் காலையில் மட்டும் சத்தம்.

“அந்தப் பொகை எங்க போச்சு?” என்று கேட்டேன். சும்மா, வாயில் வந்ததைத்தான் கேட்டேன்.

தேவா டார்ச்சை வாங்கி என்ஜினுக்குப் பின்னால் இருக்கும் சுவரில் அடித்தார். சுவர் பூராவும் விசிறி விரித்த மாதிரி கரி. கரியின் நடுவில் ஒரு ஓட்டை. முன்பு யாரோ ஹாரன் மாற்றியபோது வயர் விட்ட ஓட்டை. அதை அடைக்க வேண்டிய ரப்பர் இல்லை. ஓட்டையின் விளிம்பும் கறுத்திருந்தது.

அவர் குரலே மாறிவிட்டது. “ரீட்டா, உள்ள போ. கால் வெக்கிற எடத்துல பாரு.”

தரையில் விழுந்த வெளிச்சம்

முன்கதவைத் திறந்து, சீட்டுக்குக் கீழே தலையை விட்டுக் குப்புறப் படுத்தேன். உள்ளே இருட்டு. வெளியிலிருந்து தேவா டார்ச்சை அந்த ஓட்டையில் வைத்தார்.

கால் மிதிக்கு மேலிருந்து ஒரு கோடு வெளிச்சம் உள்ளே வந்தது. மிதியடியில் விழுந்து, சீட்டுக்கு அடியில் நீண்டு, அங்கே உருண்டு கிடந்த எலுமிச்சம்பழங்கள் மேல் விழுந்தது. ரூபி தூக்கத்தில் கைநழுவ விட்ட பழங்கள். காய்ந்து சுருங்கிப் பாக்கு மாதிரி ஆகியிருந்தன.

வெளிச்சம் வருகிற வழியில் புகை வராதா?

என்னால் எழ முடியவில்லை. சனிக்கிழமை இல்லை, ஞாயிற்றுக்கிழமை இல்லை. பண்டிகை லீவில் இல்லை. அம்மா வீட்டுக்குப் போகும்போது இல்லை, அப்போது யாரையும் முன்கூட்டி வண்டியில் படுக்க வைப்பதில்லை, கண்ணாடியெல்லாம் திறந்திருக்கும். பள்ளிக்கூடம் இல்லாத நாளில் வலி வரவில்லை என்று எல்லோரும் சொன்னோம். வண்டியைக் காலையில் ஸ்டார்ட் செய்து அவளை உள்ளே வைத்து மூடாத நாளில் வலி வரவில்லை என்று ஒருவருக்கும் தோன்றவில்லையே.

அப்போதுதான் அப்பா ஞாபகம் வந்தார். அவருக்கு ஏன் தலை வலித்தது என்று சுரங்கத் தொழிலாளர்களுக்குக் கொடுத்த எங்கள் லைன் வீடுகளில் எல்லோருக்கும் தெரியும்; தெரிந்துகொண்டேதான் கேலி செய்தோம். சுரங்கத்துக்குள் பாறைக்கு வெடி வைத்த பிறகு, அந்தப் புகை அடங்குவதற்குள் உள்ளே போனவர்களுக்கெல்லாம் அந்த வலி வரும். லீவு நாளில் புகையும் இல்லை, வலியும் இல்லை. இதைத் தெரிந்துகொண்டே வளர்ந்த நான், என் பிள்ளையின் லீவு நாள் கணக்கை ஒரு மேடத்திடம் ஒப்பித்துவிட்டு வந்திருக்கிறேன்.

வெளியே வந்தால் தேவா தரையில் உட்கார்ந்திருந்தார். கரிக் கையோடு தலையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அந்த மனிதர் அழுது நான் பார்த்ததில்லை. “நான் இத இதுக்காகக் கழட்டல ரீட்டா. சத்தம் நல்லா வரணும்னுதான் கழட்டினேன்” என்றார்.

எனக்கு அவரைத் தேற்றத் தெரியவில்லை. நாளைக்கு அவளை இன்னும் சீக்கிரமாகத் தூக்கிப் போய் இதற்குள் படுக்க வைப்பதாக இருந்தோம் என்பது ஒன்றுதான் மண்டைக்குள் ஓடியது. புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு நானும் அங்கேயே உட்கார்ந்தேன்.

குழந்தை டாக்டருக்குப் போன் போட்டோம். விரிசலையும் ஓட்டையையும் பற்றிச் சொன்னேன். அந்தப் புகையில் வாசனையே இல்லாத ஒரு விஷவாயு உண்டு. ரத்தத்தில் ஏறினால் முதலில் தலைவலி, அப்புறம் வாந்தி, அப்புறம் தூக்கம் என்றார். அந்தத் தூக்கத்துக்குப் பிறகு என்ன என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மற்றப் புகை நாற்றம்கூடவா தெரியவில்லை என்று கேட்டார். எலுமிச்சம்பழத்தைப் பற்றிச் சொன்னேன். வெள்ளிக்கிழமைக்குப் பிறகு அவள் வண்டியில் ஏறவில்லை, அதனால் இப்போது ரத்தத்தில் எதுவும் தெரியாது, ஆனாலும் நாளைக்கே கூட்டி வாருங்கள் என்றார்.

ரூபியைக் கீழே கூப்பிட்டோம். தேவா முட்டி போட்டு உட்கார்ந்து, அந்த விரிசலைக் காட்டி, இதிலிருந்துதான் உனக்கு வலி வந்தது என்று சொன்னார். அவள் அழுவாள், பயப்படுவாள் என்று நினைத்தேன். எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“நான்தான் சொன்னேன்ல, வேன்ல போறேன்னு” என்றாள்.

மேஜை மேல்

திங்கட்கிழமை காலையில் ஆபீஸுக்கு லீவு சொன்னேன். பூப்போட்ட போர்வையிலிருந்து பளபளக்கிற குழாயை எடுத்துத் தரையில் வைத்துவிட்டு, பழைய ஹெடரை அதில் சுற்றினேன். தேவா ஆட்டோவைக் கூப்பிட்டு வந்தார்.

ஒரு பக்கம் ரூபி, மடியில் அந்த இரும்பு. ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வந்தார். முதலில் டாக்டரிடம் காட்டினோம். அங்கிருந்து நேராகப் பள்ளிக்கூடம். வாசல் செக்யூரிட்டி போர்வையைப் பிரித்துக் காட்டச் சொன்னார். காட்டினேன். ஒன்றும் புரியாமல் உள்ளே விட்டார். ரூபி தலையை நிமிர்த்திக்கொண்டு நடந்தாள். அந்த வாசலில் அவள் அப்படி நடந்து நான் பார்த்து வெகுநாளாகியிருந்தது.

கவுன்சிலர் மேடத்தின் அறைக்கு வகுப்பு மிஸ்ஸையும் கூப்பிட்டு அனுப்பச் சொன்னேன். வந்தார். போர்வையை மேஜை மேல் வைத்துப் பிரித்தேன். துருவும் கரியும் தாள்கள் மேல் கொட்டின. என்ன செய்கிறீர்கள் என்று மிஸ் ஓரடி பின்னால் போனார். நடந்ததைச் சொன்னேன். கத்த வேண்டும் என்றுதான் போனேன். திக்கித் திணறித்தான் சொல்லி முடித்தேன்.

மிஸ் பக்கத்தில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கவுன்சிலர் மேடம் குனிந்து அந்த விரிசலைத் தொட்டார். விரல் கறுத்துவிட்டது. அதை எங்கே துடைப்பது என்று தெரியாமல் தூக்கிப் பிடித்தபடியே ரூபியைப் பார்த்தார்.

ரூபி பையை இறக்கிப் பென்சில் பாக்ஸைத் திறந்தாள்.

“மேடம், அந்தப் பேப்பர்ல எனக்கு பயம்னு பென்சில்ல எழுதினீங்கல்ல. ரப்பர் எங்கிட்ட இருக்கு.”

கரி சிந்தாத ஒரு மூலையாகப் பார்த்து, ரப்பரை மேஜை மேல் வைத்தாள்.